பதிவேட்டில் இல்லாத எக்ஸ்ரே

என் தம்பி நவநீதன் முப்பத்தைந்து வருடமாக ஆம்பூரில் எக்ஸ்ரே எடுக்கிறான். ஒரு நாளைக்குப் பதினைந்து பேர் என்று குறைவாக வைத்தாலும், வருடத்துக்கு முந்நூறு நாள் வேலை என்று வைத்தாலும், ஒன்றரை லட்சம் படத்துக்கு மேல் வருகிறது. ஊரில் பாதிப் பேருடைய எலும்பை அவன் பார்த்திருக்கிறான். சென்ற மாசி வரை அவனுடைய எலும்பைப் பார்த்தது நான் ஒருத்திதான். அதுவும் ஒரே ஒரு தடவை.

அந்த ஒரு தடவை பார்த்ததை நான் ஒழுங்காக வைத்துக் காப்பாற்றவில்லை. அதனால் சென்ற மாசி மாதம் நாங்கள் பட்ட பாட்டை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவள். அவன் எனக்கு ஐந்து வயது இளையவன். வேலூரில் இரண்டு வருடம் எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்பு முடித்து, 1989-ல் எங்கள் ஊர் நர்சிங் ஹோம் ஒன்றில் சேர்ந்தான். மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதுதான் இருட்டறை. ஒரு சிவப்பு விளக்கு, வரிசையாகத் தொட்டிகள். படம் எடுத்த ஃபிலிமை இருட்டில் உறையிலிருந்து உருவி, கம்பிச் சட்டத்தில் மாட்டி, முதலில் படத்தை வரவழைக்கும் மருந்தில், பிறகு தண்ணீரில், பிறகு படம் அழியாமல் நிறுத்தும் மருந்தில், கடைசியாக மறுபடியும் தண்ணீரில் முக்க வேண்டும். அந்தக் கடைசித் தண்ணீரில்தான் எங்கள் ஊர் அவனை வதைத்தது.

தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு இறங்கி ஆம்பூர் போர் தண்ணீர் எல்லாம் அப்போதே உப்பாகிவிட்டது. அந்தத் தண்ணீரில் அலசிய ஃபிலிம் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு பூக்கும். நெஞ்சுப் படத்தில் வெள்ளைப் பொட்டு என்றால் டாக்டர் என்ன நினைப்பார்? சேர்ந்த மூன்றாவது மாதமே, ஒன்றுமில்லாத ஒருவருக்குக் காசநோய் மாத்திரை எழுத இருந்தார்கள். இவன்தான் படத்தை விரலால் தேய்த்து, "சார், இது நோய் இல்ல சார், தண்ணி," என்று காட்டினான். அதற்குப் பிறகு மலையடிவாரக் கிணற்றிலிருந்து தினமும் இரண்டு கேன் நல்ல தண்ணீர் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து, கடைசி அலசலுக்கு அதை மட்டும்தான் ஊற்றுவான். அதற்கு யாரும் அவனுக்குத் தனியாக ஒன்றும் கொடுக்கவில்லை. கடிகாரம் பார்த்து இருபது நிமிடம் அலசுவான். பத்தொன்பதில் எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டான்.

நான் அப்போது ஷூ கம்பெனியில் தோல் செக்கிங்கில் இருந்தேன். மேசையில் தோலை விரித்து, உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், உரிக்கும்போது கத்தி பட்ட இடம் எல்லாவற்றையும் வெள்ளிப் பேனாவால் வட்டம் போட வேண்டும். மதியச் சாப்பாடு கொண்டுபோனால் அவன் காயவைத்த படங்களை எனக்குக் காட்டுவான். ஜெர்மனியில் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தவர் முதன்முதலில் தன் மனைவியின் கையைத்தான் படம் எடுத்தாராம், மோதிரத்தோடு. அதைச் சொல்லிவிட்டு, "அந்தம்மா எவ்ளோ நேரம் ஆடாம கைய வெச்சிட்டிருந்தாங்க தெரியுமா? உன்ன மாதிரி ஆளா இருந்தா எக்ஸ்ரேவே கண்டுபுடிச்சிருக்க மாட்டாங்க," என்பான். எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது என்பது அவன் குறை.

1994 கடைசியில் அவனுக்கே இருமல் வந்தது. வெளியூர் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சளி பார்த்ததில் காசநோய் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். நெமிலியில் அவனுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. நர்சிங் ஹோமில் தெரிந்தால் வேலை போகும், நெமிலியில் தெரிந்தால் பெண் போகும். காலையில் என் வீட்டுக்கு வந்து மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போவான்.

மாத்திரை முடிந்ததும், "ஆறிட்டுதான்னு நானே பார்த்தாத்தான் நம்புவேன். பார்த்துட்டு அப்புறம் நெமிலிக்குச் சரின்னு சொல்றேன்," என்றான். 1995 ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் இல்லாத மதிய நேரத்தில், என்னைக் கூட்டிக்கொண்டு போனான். தன்னைத் தானே எடுக்க முடியாதே. சட்டையைக் கழற்றிவிட்டுப் படப் பெட்டியில் நெஞ்சை ஒட்டி நின்றுகொண்டு எனக்குப் பாடம் சொன்னான்.

"தடுப்புக்குப் பின்னாடி நில்லுக்கா. மொதல்ல பட்டன பாதி அமுத்து. உர்ர்னு ஒரு சத்தம் வரும். அப்புறம் முழுசா அமுத்து."

"எப்போ அமுத்தணும்?"

"நான் மூச்ச புடிச்சதும். லேட் பண்ணாத, அப்புறம் நான் இங்கயே போய்டுவேன், படம் எடுக்க வேலையே இருக்காது."

நான் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். அரைமணி நேரத்தில் ஈரம் சொட்டச் சொட்டப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். வலதுபக்க விலா எலும்பில் ஒன்று மட்டும் நுனியில் இரண்டாகப் பிரிந்திருந்தது. நான் தோல் பார்க்கிறவள். என் கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டது.

"இது இன்னாடா, இந்த எலும்பு மட்டும் கிளை விட்டுக்குது?"

"பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான் இருந்திருக்கும். நூத்துல ஒருத்தருக்கு இருக்கும். அதனால ஒண்ணும் இல்ல. இதப் பாரு." அந்தக் கிளைக்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு வெள்ளைத் திட்டு. "ஆறின தழும்பு. சாகற வரைக்கும் இது இப்படியே இருக்கும்."

படத்தில் பெயர் போடவில்லை, தேதி போடவில்லை. பதிவேட்டில் எழுதவில்லை. ஒரு ஃபிலிம் வீணாய்ப் போனதாகக் கணக்கு காட்டிவிட்டான். அவன் வேலையில் செய்த ஒரே பொய் அது. வீட்டில் வைத்தால் நாளைக்கு வரப்போகிறவள் பார்ப்பாள் என்று என்னிடம் கொடுத்தான். என் இரும்புப் பெட்டியில் அடியில் வைத்தேன். மறு வருடம் நெமிலிப் பெண் முத்துமாரியைக் கல்யாணம் செய்துகொண்டான்.

அதற்குப் பிறகு அவன் மிஷின் முன்னால் நிற்கவே இல்லை. நின்றால் அந்தத் திட்டு தெரியும், கேள்வி வரும். ஊரையே படம் எடுத்தவன் தன்னைத் தவிர்த்துவிட்டான்.

தொழில் மாறிக்கொண்டே இருந்தது. ஸ்கேன் வந்தது. சி.டி. ஸ்கேன் வந்தது, அதற்கு ஆட்களை வேலூருக்கு அனுப்பினார்கள். 2009-ல் இருட்டறையை இடித்து அங்கே ஸ்டோர் வைத்தார்கள். ஃபிலிமுக்குப் பதில் ஒரு தகடு, அதைப் பெட்டியில் போட்டால் கம்ப்யூட்டரில் படம். நாற்பது வயதில் மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டான். ஆறு வருடத்துப் படங்கள் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தன. ஒரு நாள் மின்சாரம் போய் வந்தது. அத்தனையும் போய்விட்டது. "பிலிம்னா எரிஞ்சாத்தான் போகும். இது எரியாமலே போச்சு," என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான். 2018-ல் தகடும் போய், பட்டனை அழுத்தினால் மூன்று நொடியில் திரையில் படம் வரும் மிஷின் வந்தது. கம்பெனியிலிருந்து வந்த பையன், "அண்ணா, நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், வெளிச்சம் இருட்டு எல்லாம் அதுவே பார்த்துக்கும்," என்றானாம். முப்பது வருடம் வெளிச்சமும் இருட்டும் பார்த்தவனிடம்.

இந்த வருடம் நர்சிங் ஹோமுக்குத் தரச்சான்றிதழ் வாங்குவதற்காக, வேலை பார்க்கிற எல்லோருக்கும் நெஞ்சுப் படம் கட்டாயம் என்றார்கள். தப்பிக்க வழியில்லை. படத்தைப் பார்த்து எழுதுகிறவர் இப்போது பெங்களூரில் உட்கார்ந்திருக்கிறார். யார் என்றே தெரியாது. சாயந்திரத்துக்குள் அவர் எழுதி அனுப்பிவிட்டார்: வலது நுரையீரல் மேல்பகுதியில் ஒரு முடிச்சு, உடனே சி.டி. எடுக்கவும்.

சி.டி. எடுத்தோம். வேலூரில் ஒரு மருத்துவமனையில் டாக்டர் ஹரிணி என்ற இளம்பெண் பார்த்தார். நவநீதன், முத்துமாரி, நான் மூவரும் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

"பதினோரு மில்லிமீட்டர் இருக்கு. ஓரம் அவ்வளவு சுத்தமா இல்ல," என்றார் டாக்டர். "பழைய தழும்பாவும் இருக்கலாம், புதுசா வளர்ற கட்டியாவும் இருக்கலாம். இத மட்டும் வெச்சு என்னால சொல்ல முடியாது. முன்னாடி டி.பி. வந்திருக்கா சார்?"

முத்துமாரி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இல்ல டாக்டர்," என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்புக் காலால் அவன் காலை மிதித்தேன். அவன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"பழைய எக்ஸ்ரே ஏதாவது? ரெண்டு வருஷத்துக்கு முந்தினதா இருந்தாலே போதும். அப்பவும் இதே அளவு இருந்துச்சுன்னா விட்டுடலாம்."

"ஒண்ணு இருக்கு. தேடணும்," என்று என்னைப் பார்த்தான்.

"தேடுங்க. இல்லன்னா வர்ற வியாழக்கிழமை ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்கணும். நுரையீரல்ல குத்தறது, சில பேருக்குக் காத்து இறங்கி ஒரு பக்கம் சுருங்கிடும். அதையும் சொல்லிடணும்."

அவனுக்கு அது தெரியாததல்ல. ஊசி போட்ட பிறகு சுருங்கிப்போன நுரையீரலை எத்தனையோ பேருக்கு அவனே படம் எடுத்திருக்கிறான். வெளியே முத்துமாரி மருந்துக் கடை வரிசையில் நின்றபோது என்னைத் தனியே இழுத்தான்.

"பொட்டியிலதானே இருக்கு?"

"இல்லடா."

"வேற எங்க வெச்ச?"

"வெட்டிட்டேன்."



இதை விளக்க வேண்டும். 2004-ல் நான் கம்பெனியை விட்டுவிட்டு வீட்டிலேயே ஷூவின் மேல்பாகம் கையால் தைக்கும் வேலை எடுத்தேன். எங்கள் தெருவில் பத்துப் பெண்களுக்கு நான்தான் வாங்கிப் பிரித்துக் கொடுப்பேன். தையல் ஓட வேண்டிய கோட்டைத் தோலில் குறிக்க ஓர் அளவு அட்டை வேண்டும். அதைப் பேட்டர்ன் என்போம். காகித அட்டை நாலு நாளில் ஓரம் பிய்ந்து கோடு கோணும். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் பிய்யாது, வளைந்தாலும் திரும்ப நிமிரும். ஆம்பூரில் தையல் வேலை செய்யும் வீடுகளில் யாருடைய முழங்காலாவது முதுகாவது பேட்டர்னாக இருக்கும். 2006-ல் ஒரு புது மாடல் வந்தபோது வீட்டில் வேறு ஃபிலிம் இல்லை. பெட்டியில் இது இருந்தது. தம்பிக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம் ஆயிற்று, பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆள் நன்றாக இருக்கிறான், இனி இது யார் கண்ணிலாவது பட்டால்தான் வம்பு என்று நினைத்தேன். வெட்டினால் ரகசியமும் தொலையும், பேட்டர்னும் கிடைக்கும். நாலாக வெட்டினேன். அவனிடமும் அதைத்தான் சொன்னேன்.

"நாலா?" என்றான்.

"நாலு."

"கத்தியா, கத்தரியா?"

"தோல் வெட்ற கத்தி. ஏன் கேக்குற?"

"கத்தரின்னா ஓரம் நசுங்கும்." பிறகுதான் அவனுக்குக் கோபம் வந்தது. "ஒன்றரை லட்சம் படம் எடுத்தேன்க்கா. அத்தனையும் எவன் எவன் வீட்டுலயோ இருக்குது. என்னுது ஒண்ணு. ஒண்ணுதான். அத வெட்டி நீ ஷூ பண்ணிட்ட."

"நீ உள்ள உண்மைய சொல்லியிருந்தா இவ்ளோ பேஜார் இல்ல. டி.பி. இல்லன்னு கல்லு மாதிரி உக்காந்து சொல்ற."

"அவ பக்கத்துல இருந்தா."

"அவ உன் பொண்டாட்டிடா. நெமிலி தரகர் இல்ல."

ஆம்பூர் வரும் வரை பஸ்ஸில் அவன் முன் சீட்டிலும் நான் முத்துமாரியோடு பின்னாலும் உட்கார்ந்திருந்தோம்.

எதையும் எண் போடாமல் நான் கொடுப்பதில்லை. நாலு துண்டிலும் ஊசியால் கீறி ஒன்று முதல் நாலு வரை எண் போட்டு, தேதியும் ஷூவின் மாடல் எண்ணும் எழுதியிருந்தேன். எந்த எண் யாரிடம் என்பதும் ஞாபகம் இருந்தது. மூன்று என்னிடமே இருந்தது. எடுத்துக் காட்டினேன். ஜன்னலில் பிடித்துப் பார்த்தான்.

"இது ஈரல். கீழ்ப்பக்கம். மேல்பக்கம் வேணும். ஒண்ணாம் நம்பர் எதுலேர்ந்து ஆரம்பிச்ச?"

"இடது கை மேல்மூலை."

"அப்போ ஒண்ணுல இருக்கணும். படத்துல இடதுன்னா நமக்கு வலது. ஆனா நீ எந்தப் பக்கம் பார்த்து வெட்டினியோ. திருப்பி வெச்சு வெட்டியிருந்தா ரெண்டுல இருக்கும். ஒண்ணு யார்கிட்ட?"

"முபஷ்ஷிரா. அவ பேரணாம்பட்டு அம்மா வீட்டுக்குப் போயிருக்கா, நாளைக்குத்தான் வருவா. ரெண்டு அமிர்தவள்ளி கிட்ட."

அமிர்தவள்ளி மூன்றாவது வீடு. போனோம். விஷயத்தை முழுதாகச் சொல்லாமல், அந்தப் பேட்டர்ன் வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அவள் சுவரில் ஆணியில் மாட்டியிருந்ததை எடுத்துக் கொடுத்தாள். கண்ணாடி மாதிரி இருந்தது. இளநீலம். அதன் வழியாக அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது.

"இதுல இருந்த படம் எங்க?" என்று நவநீதன் கேட்டான்.

"கறுப்பா இருந்துச்சுண்ணா. அடியில தோல் தெரியல. ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சேன், பளிச்சுன்னு ஆய்டுச்சு," என்றாள் பெருமையாக. "உங்களுக்கும் வேணும்னா தேச்சுத் தர்றேன்."

நவநீதன் அந்தத் தகட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். அழிந்துவிடக் கூடாது என்று தண்ணீர் சுமந்து அலசிய படம். வேறொருத்தியின் கையில் அரைமணி நேரத்தில் போயிருக்கிறது. அவளைத் திட்டுவதற்கும் வழியில்லை. வெட்டிக் கொடுத்தவள் நான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. முபஷ்ஷிரா வந்துவிட்டாள் என்று தெரிந்ததும் போனோம். தரையில் தோல் அடுக்கி வைத்து, பேட்டர்னை அழுத்திப் பிடித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையில் இருந்தது கறுப்பாகவே இருந்தது. எனக்குப் பாதி உயிர் வந்தது.

"அத கொஞ்சம் குடு முபஷ்ஷிரா."

"நாளைக்குக் காலைல கம்பெனி வேன் வந்துடும்க்கா. இன்னும் அறுபது ஜோடி இருக்கு. நாளைக்கு வாங்கிக்கங்க."

"இப்போ வேணும்."

"இது இல்லன்னா எனக்குக் கோடு வராதுக்கா. பதினெட்டு வருஷம் இதுலயே போட்டுப் பழகிட்டேன்."

வேறு வழியில்லாமல் சொன்னேன். "அது என் தம்பி நெஞ்சு."

அவள் பேட்டர்னைப் பார்த்தாள், வாசலில் நின்ற நவநீதனைப் பார்த்தாள். "இவரா? பதினெட்டு வருஷமா இவரு மேலயா கோடு போட்டிருக்கேன்? சொல்லியிருக்கக் கூடாதா, கொஞ்சம் மெதுவா அமுத்தியிருப்பேன்." பிறகு அவன் முகத்தைக் கவனித்துச் சிரிப்பை நிறுத்தி, எழுந்து வந்து கொடுத்தாள். "இன்னாண்ணா, உடம்புக்கு ஏதாவதா? எடுத்துட்டுப் போங்க. ஆனா திருப்பிக் குடுத்துடணும்."

அவன் அங்கேயே வெளிச்சத்தில் பிடித்தான். வெள்ளிப் பேனா மை ஓரமெல்லாம் அப்பியிருந்தது. நடுவில் கீறல்கள். ஆனால் விலா எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன. நான்காவது எலும்பு நுனியில் கிளை விட்டிருந்தது. அதற்குக் கீழே, நான் வளைத்து வெட்டிய ஓரத்தில், அந்தப் பட்டாணி. முழுதாக இல்லை. கீழ்ப்பகுதி என் கத்தியில் போய்விட்டது. பக்கத்திலேயே ஆணியில் மாட்ட நான் போட்ட ஓட்டை.

"ரெண்டு நூல் தள்ளி வெட்டியிருக்கக் கூடாதாக்கா?" என்றான். இரண்டு நூல் என்றால் கால் அங்குலம்.

"நீ எங்க இருக்கன்னு எனக்கு இன்னாடா தெரியும்."

அவன் ஃபிலிமை மூக்கருகே கொண்டுபோய் மோந்தான். விரலால் தடவினான். "ஒரு மஞ்சள் இல்ல பாரு. உப்பு பூக்கல. நல்லா அலசியிருக்கேன்." அந்த இரண்டு நாளில் அவன் குரலில் கொஞ்சம் தெம்பு வந்தது அப்போதுதான்.

புதன்கிழமை மறுபடி மூவருமாக வேலூர். டாக்டர் அறையில் அடுத்த தொல்லை. படத்தை மாட்டிப் பார்க்கும் வெளிச்சப் பெட்டி அங்கே இல்லை.

"வியூ பாக்ஸ் எல்லாம் எடுத்துட்டாங்க சார். யாரும் பிலிம் கொண்டு வர்றதில்ல," என்றார் டாக்டர்.

கீழே பதிவுப் பிரிவில் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொல்லிக் கேட்டோம். ஃபிலிமில் நோயாளி எண் இல்லை, ஏற்ற முடியாது என்றார்கள். எண் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். பெயர் இருந்தால்தான் எண் போடுவார்களாம். ஒரு மணி நேரம் மேலும் கீழும் நடந்தோம். கடைசியில் நவநீதனே டாக்டரிடம், "உங்க ஸ்கிரீன்ல ஒண்ணும் எழுதாத வெள்ளைப் பக்கம் ஒண்ணு திறங்க மேடம்," என்றான். அவர் திறந்தார். திரை முழுதும் வெள்ளையானது. அதன்மேல் ஷூ வடிவில் இருந்த அந்தத் துண்டை ஒட்டிப் பிடித்தான்.

டாக்டர் முன்னால் குனிந்தார். "இது என்ன ஷேப்?"

"ஷூ மேல்பாகம்," என்றேன். "எட்டாம் சைஸ்."

அவர் கேள்வி கேட்டதற்கு வருத்தப்பட்டவர் போல இருந்தார். "சரி. இது இவரோடதுன்னு எப்படிச் சொல்றீங்க? பேரும் இல்ல, தேதியும் இல்ல."

"மேடம், நாலாவது ரிப் பாருங்க. பிரிஞ்சிருக்கு," என்றான் நவநீதன். "என் சி.டி.யிலயும் பாருங்க."

டாக்டர் பக்கத்துத் திரையில் சி.டி. படத்தை உருட்டினார். கிளை விட்ட எலும்பு வந்து நின்றது. ரிப்போர்ட்டில் அதை யாரும் எழுதியிருக்கவில்லை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓகே. ஆள் இவர்தான். எப்ப எடுத்தது?"

"தொண்ணூத்தஞ்சு ஆகஸ்டு," என்றேன்.

"நீங்க சொன்னா நான் எப்படிமா எழுதறது? போன வருஷம் எடுத்ததாவும் இருக்கலாம் இல்ல?"

நான் ஓரத்தைக் காட்டினேன். ஊசிக் கீறலில் பன்னிரண்டு, ஆறு, இரண்டாயிரத்து ஆறு என்று இருந்தது. கீழே மாடல் எண். "இது நான் வெட்டின தேதி. வெட்டறதுக்கு முன்னாடிதானே எடுத்திருக்கணும்."

டாக்டர் அதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் படித்தார். முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். பிறகு அளவுகோல் எடுத்தார். "குறுக்கே பதினொண்ணு, பன்னெண்டு வருது. நெடுக்க எவ்வளவுன்னு தெரியல, அந்தப் பக்கம் இல்ல." பேனாவை வைத்துவிட்டு நவநீதனைக் கேட்டார். "சார், இன்னொரு தடவை கேக்கறேன். இந்த இடத்துல அப்பவே தழும்பு இருந்திருக்கு. காரணம் இல்லாம வராது. டி.பி. வந்துதா, இல்லையா?"

நான் காலை மிதிக்கவில்லை. அவன் முத்துமாரி பக்கம் திரும்பாமல், திரையையே பார்த்துக்கொண்டு, "வந்துது மேடம். தொண்ணூத்திநாலுல. மாத்திரை முழுசா சாப்ட்டேன்," என்றான்.

முத்துமாரி கைப்பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள். "கேஸ் சிலிண்டர் புக் பண்ண மறந்தத ரெண்டு நாள் சொல்லலன்னு என்ன அந்தப் பேச்சு பேசின ஆளு," என்றாள் டாக்டரிடம். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அது மேலும் ஒரு வாரம் நீடித்தது.

டாக்டர் நிறைய நேரம் யோசித்துப் பிறகு எழுதினார். வியாழக்கிழமை ஊசி வேண்டாம். மூன்று மாதம் கழித்து இன்னொரு சி.டி. மாறாமல் இருந்தால் தழும்பு என்று முடித்துவிடலாம். "படம் முழுசா இருந்திருந்தா இந்த மூணு மாசமும் தேவைப்பட்டிருக்காது," என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்குத்தான் சொன்னார்.

அந்த மூன்று மாதம் எப்படிப் போயிற்று என்று எழுத எனக்கு விருப்பமில்லை. வெட்டிப்போன அந்த இரண்டு நூல் இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று அவன் தினமும் நினைத்தான். நானும் நினைத்தேன். நான் வெட்டியபோது விழுந்த துணுக்குகளை அன்றைக்கே பெருக்கிக் கொட்டிவிட்டேன். என் சுத்தத்தின் மீது எனக்கே வெறுப்பு வந்தது.

வைகாசியில் மறுபடி சி.டி. பதினோரு மில்லிமீட்டர். துளியும் மாறவில்லை. டாக்டர் ஹரிணி தழும்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நவநீதன் மறுநாளே வேலைக்குப் போனான்.

அவன் வேலைக்குப் போன அந்த வாரமே முபஷ்ஷிரா என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். பேட்டர்ன் இல்லாமல் மூன்று மாதமாகக் கோடு கோணுகிறது, கம்பெனியில் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றாள். நான் அந்தத் துண்டைத் தர முடியாது என்றேன். அப்போது அங்கே இருந்த நவநீதன், வேலூரிலிருந்து கொண்டுவந்த உறையைப் பிரித்து, அவனுடைய சி.டி. ஃபிலிமை எடுத்தான். பெரிய ஷீட். அவன் நுரையீரல் வரிசை வரிசையாக இருபது கட்டம்.

"இந்தாம்மா, இதுல வெட்டிக்க. இது ஒடையாது," என்றான்.

"டேய், அத குடு இங்க," என்றேன்.

"எல்லாம் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல இருக்குக்கா."

"உன் ஆறு வருஷப் படமும் கம்ப்யூட்டர்லதான் இருந்துச்சு."

நான் அந்த ஷீட்டை வாங்கி, ஒன்றாம் எண் துண்டையும், தழும்பு என்று எழுதின தாளையும் சேர்த்து ஒரே உறையில் போட்டு, மேலே அவன் பெயர், இரண்டு சி.டி. எடுத்த தேதிகள், 1995 ஆகஸ்டு, எல்லாவற்றையும் பேனாவால் எழுதி, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சாவியை முத்துமாரியிடம் கொடுத்தேன்.

முபஷ்ஷிராவுக்கு என் பேத்தியின் பிளாஸ்டிக் ஃபைல் அட்டையில் புதிய பேட்டர்ன் வெட்டிக் கொடுத்தேன். வழுக்குகிறது, பழையது மாதிரி வரவில்லை என்று போன வாரமும் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.